இயல்முகமும் இரவல்முகமும்

  

கணினித் திரையில் தோன்றும் பொத்தான் எவ்வாறிருந்தால் என்ன, பட்டி எங்கிருந்தால் என்ன, அதனைப் பற்றித் தனித்தமிழ் மன்றத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தும், பொருள் விளங்கினால் போதாதா, சொல் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்டோர் உண்டு. சொல்லை இழந்தவன் சொல்லோடு நில்லான், நடையை இழப்பான், நடையை இழந்தவன் எண்ணும் முறையையே இழப்பான் என்பதே அன்று இயக்கம் தந்த விடை. அந்த விடை இன்று கணினித் திரைக்கும் அப்படியே பொருந்துகின்றது.

மேசை, பொத்தான் என்னும் இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். ஆதலின் இவ்வுரையில் பொத்தானை 'அழுத்தி' என்றே வழங்கலாம்.

ஒரு கணினியில் விண்டோசு, மெக்கின்டாசு, லினக்சு என்னும் இயங்குதளங்களுள் ஒன்று அமைந்திருக்கும். அதன்மேல் எழுதுவதற்கு ஒன்றும், கணக்கிடுவதற்கு ஒன்றும், படம் தீட்டுவதற்கு ஒன்றுமாகப் பல செயலிகள் இயங்கும். ஒவ்வொரு தளத்துக்கும் அதற்கே உரிய தோற்றமும் நடையும் உண்டு. தோற்றம் கண்ணுக்கு உரியது. நடை கைக்கு உரியது. அழுத்தியின் நிறம், எழுத்தின் அளவு, சாளரத்தின் விளிம்பு ஆகியவை தோற்றம். எந்த விசையை அழுத்தினால் எது நிகழும், எந்த மூலையில் கையை வைத்தால் சாளரம் மூடும் என்பவை நடை. இவ்விரண்டும் தளத்தின் மரபோடு ஒத்திருக்கும் செயலியை இயல்முகம் உடையது என்க. ஒவ்வாததை இரவல்முகம் உடையது என்க.

தளங்களின் மரபுகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும். 1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாசில் பட்டி திரையின் மேல் விளிம்பில் நிற்கும். விண்டோசில் ஒவ்வொரு சாளரத்தின் உள்ளும் நிற்கும். மெக்கின்டாசின் இடம் வெறும் விருப்பத்தால் அமைந்ததன்று. 1954-இல் பால் பிட்சு என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். ஒரு குறியைக் கை சென்றடையும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்பதே அவ்வுண்மை. திரையின் விளிம்பைத் தாண்டிச் சுட்டி செல்லாது. ஆகவே விளிம்பில் உள்ள பட்டியை எவ்வளவு விரைவாகத் தள்ளினாலும் கை தவறாது.

இனி, 'சரி', 'விடுக' என்னும் இரண்டு அழுத்திகள். விண்டோசில் 'சரி' இடப்பக்கமும் 'விடுக' வலப்பக்கமும் நிற்கும். மெக்கின்டாசில் உடன்படும் அழுத்தி வலக்கோடியில் நிற்கும். படி எடுப்பதற்கு ஒரு தளத்தில் கட்டுப்பாட்டு விசை, மற்றொன்றில் கட்டளை விசை. விண்டோசில் 'முகப்பு' விசை வரியின் தொடக்கத்துக்குச் செல்லும். மெக்கின்டாசில் ஆவணத்தின் தொடக்கத்துக்கே செல்லும். பல்லாண்டு ஒரு தளத்தில் பழகிய விரல், கண்ணைக் கேளாமலே செயற்படும். அந்த விரலிடம் வேறொரு மரபைத் திணித்தால், 'விடுக' என நினைத்துச் 'சரி'யை அழுத்தி ஒரு நாள் உழைப்பை இழக்க நேரும். பேச்சில் ஒலி மாறினால் பொருள் மாறுவது போன்றதே இது.

அவ்வாறாயின் செயலியை ஆக்குவோர் ஏன் ஒவ்வொரு தளத்துக்கும் ஏற்றவாறு ஆக்குவதில்லை? செலவு மிகும் என்பதே விடை. மூன்று தளங்களுக்கு மூன்று முறை எழுதுவதை விட, ஒருமுறை எழுதி எங்கும் இயக்குவது எளிது. 1995-ஆம் ஆண்டில் சன் மைக்குரோசிசுடம்சு நிறுவனம் அறிமுகப்படுத்திய சாவா என்னும் நிரல்மொழியின் முழக்கமே அதுதான். அந்த விருப்பத்தை நிறைவேற்ற இதுவரை நான்கு வழிகள் கண்டுள்ளனர்.

முதல் வழி, தளத்தின் உறுப்புகளையே கடனாகப் பெறுவது. செயலி 'ஓர் அழுத்தி வேண்டும்' என்று கேட்கும். விண்டோசில் விண்டோசு அழுத்தியும், மெக்கின்டாசில் மெக்கின்டாசு அழுத்தியும் வந்து நிற்கும். 1992-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சூலியன் சுமார்ட்டு தொடங்கிய டபிள்யூ.எக்சு. கருவித்தொகுதி இவ்வழியது. அத்தொகுதியின் பெயரில் சாளரம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் முன்பு இருந்தது. அச்சொல்லையே தன் தளத்துக்குப் பெயராகச் சூட்டியிருந்த மைக்குரோசாப்டு நிறுவனத்தின் வேண்டுகையால் 2004-ஆம் ஆண்டில் அப்பெயரை மாற்ற நேர்ந்தது. பொதுச்சொல் ஒன்று தனியுடைமை ஆகிவிட்டால் நிகழ்வது இதுவே. 1996-இல் வெளிவந்த சாவாவின் முதற் கருவித்தொகுதியும் தளத்தின் உறுப்புகளையே கடன் கேட்டது. ஆயினும் எல்லாத் தளங்களிலும் பொதுவாக உள்ளவற்றை மட்டுமே அது தந்தது. கட்டங்களாலான அட்டவணையும் கிளைவிரியும் மரப்பட்டியும் அதில் இல்லை. எல்லார்க்கும் பொதுவானதை மட்டும் எடுத்தால் எஞ்சுவது மிகச் சிறிதே என்பதை அது காட்டியது. 2001-இல் ஐ.பி.எம். நிறுவனம் எக்லிப்சுடன் வெளியிட்ட மற்றொரு தொகுதி, உள்ள இடத்தில் தளத்தின் உறுப்பையும், இல்லாத இடத்தில் தானே ஆக்கியதையும் வைத்து இக்குறையைப் பெரிதும் போக்கியது.

இரண்டாம் வழி, எதையும் கடன் கேளாமல் எல்லாவற்றையும் தானே தீட்டிக்கொள்வது. 1998-இல் வந்த சாவாவின் இரண்டாம் தலைமுறை 'சுவிங்கு' என்னும் தொகுதியைத் தந்தது. அதற்கு எந்தத் தளத்துக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் இருந்தது. விண்டோசைப் போல் தோன்றுவதற்கு முகமூடியும் இருந்தது. ஆனால் முகமூடிக்கு வளர்ச்சி இல்லை. 2001-இல் விண்டோசு எக்சு.பி. புதிய தோற்றத்தோடு வெளிவந்தபோது, சுவிங்கு அணிந்திருந்த முகமூடி பழைய விண்டோசின் முகமாகவே நின்றது. புதிய முகமூடி 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. தளத்தின் உறுப்பைக் கடன் கேட்ட செயலி தளத்தோடு சேர்ந்து வளரும். போலியாகத் தீட்டிய செயலியோ மூலத்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் வழி, தானே தீட்டினும் தளத்தைக் கேட்டுத் தீட்டுவது. நார்வே நாட்டினர் இருவர் ஆக்கி 1995-இல் வெளியிட்ட கியூட் தொகுதி இத்தகையது. அழுத்தியின் பரப்பை எவ்வாறு நிரப்புவது என்று தளத்தின் வரைபொறியையே அது வினவுகின்றது. அழுத்திகளின் வரிசையையும் தளத்துக்கேற்ப மாற்றுகின்றது. வினவிச் செய்யும் போலிக்கும் வினவாமல் செய்யும் போலிக்கும் வேறுபாடு பெரிது.

நான்காம் வழி, செயலிக்குள் ஓர் உலாவியையே அடைத்து விடுவது. 2013-ஆம் ஆண்டில் கிட்டப்பு நிறுவனம் தொடங்கி, 2015-இல் எலக்திரான் எனப் பெயர்பெற்ற கட்டமைப்பு இவ்வகையினது. ஒவ்வொரு செயலியும் தன் முதுகில் ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டு திரையில் வந்து நிற்கின்றது. அதில் தோன்றும் பட்டியும் அழுத்தியும் அச்செயலியை ஆக்கிய நிறுவனத்தின் முத்திரையைத் தாங்குவனவேயன்றித் தளத்தின் மரபைத் தாங்குவன அல்ல. ஒரு திரையில் ஐந்து செயலிகள் திறந்திருந்தால் ஐந்து நாட்டு எல்லைகளைத் தாண்டியது போல் பயனர் உணர்கின்றார்.

மரபை மீறினால் மக்கள் பொறுப்பார்களா? 1994-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விடை சொல்லும். மெக்கின்டாசுக்கான வேர்டு 5.1 என்னும் எழுதுபொறியை அதன் பயனர்கள் பெரிதும் விரும்பினர். அடுத்த பதிப்பான வேர்டு 6-ஐ, விண்டோசுப் பதிப்போடு பொதுவான நிரலிலிருந்து மைக்குரோசாப்டு நிறுவனம் ஆக்கியது. பொதுவாக்கியதன் பயனாக வசதிகள் கூடின. ஆனால் அது விரைவின்றி அசைந்தது. மெக்கின்டாசுக்கு உரிய நடையையும் இழந்தது. பயனர்கள் கொதித்தெழுந்தனர், பழைய பதிப்பையே வேண்டினர். 1997-இல் மெக்கின்டாசுக்கெனத் தனிப்பிரிவை அந்நிறுவனம் அமைத்தது. 1998-இல் தளத்தின் மரபை மதித்த புதிய பதிப்பு வந்தது. அன்று வென்றது உரிமை உணர்ந்த பயனர்களின் குரல். தம் நடை தமக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர், கேட்டதனால் பெற்றனர்.

மறுதரப்பாரின் சொல்லையும் செவிமடுத்தல் அறமாகும். ஒருமுறை எழுதி எங்கும் இயக்கும் வழி இல்லாதிருந்தால், லினக்சுப் பயனர்க்குப் பல செயலிகள் கிட்டியே இரா. மூவர் ஐவர் கொண்ட சிறு குழு மூன்று தளங்களுக்கு மூன்று முறை எழுதுதல் இயலாது. அன்றியும், லினக்சில் இயல்முகம் எது? நோம் என்பதா, கே.டி.இ. என்பதா? இரண்டிலும் அழுத்திகளின் வரிசையே வேறு. 2021-இல் விண்டோசு 11 வெளிவந்தபோது, பழைய கட்டுப்பாட்டுப் பலகமும் புதிய அமைப்புகள் பக்கமும் இரு வேறு தலைமுறை முகங்களோடு அருகருகே நின்றன. தளமே தன் மரபைக் காவாதபோது செயலியை மட்டும் குறை கூறலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். இன்னும் ஆழமாக ஒன்று கேட்கலாம். விண்டோசும் மெக்கின்டாசும் அயல்நாட்டு வணிக நிறுவனங்களின் உடைமைகள். அவற்றின் மரபைக் காப்பதனால் தமிழர்க்கு என்ன பயன்?

வினா முறையானதே. தோற்றத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் கூற்றில் பெரும்பகுதி உண்மை. அழுத்தியின் மூலை வளைந்திருந்தால் என்ன, கூராக இருந்தால் என்ன? ஆனால் இயல்முகத்தின் உயிர் நிறத்தில் இல்லை. தளம் செய்துவைத்திருக்கும் பொதுப்பணிகளில் இருக்கின்றது. எழுத்தை உருவாக்குதல், தட்டச்சை ஏற்றல், அகரவரிசைப்படுத்தல், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டல் ஆகிய பணிகளை ஒவ்வொரு தளமும் ஒருமுறை செய்து வைத்திருக்கின்றது. தளத்தின் எழுதுபெட்டியைப் பயன்படுத்தும் செயலிக்கு அவையனைத்தும் தாமே வந்து சேரும். தானே தீட்டிய எழுதுபெட்டிக்கோ ஒவ்வொன்றையும் மீண்டும் கற்பிக்க வேண்டும். கற்பிக்க மறந்தால் முதலில் விழுவது ஆங்கிலம் அன்று. ஆங்கிலம் எங்கும் நடக்கும். ஓர் எழுத்தின் பின் ஓர் எழுத்தை அடுக்கினால் அதற்குப் போதும். முதலில் விழுவது தமிழ். தமிழர் இதில் கருத்துச் செலுத்த வேண்டியதன் தேவை இதுவே.

'கொ' என்னும் எழுத்தைக் காண்க. அதன் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. 'கெ' என்பதில் குறி முன்னே நிற்கின்றது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது குறியை முன்னே கொண்டுவருவது எழுத்துருவாக்கும் பொறியின் வேலை. விண்டோசில் இவ்வேலையைத் தளமே செய்யும் நிலை விண்டோசு 2000-இல் வந்தது. தளத்தைக் கேட்கும் செயலியில் அன்றே தமிழ் நேராக நின்றது. தளத்தைக் கேளாமல் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் செயலியிலோ 'கெ' என்பதன் கொம்பு ககரத்தின் பின்னே சென்று நிற்கும். 'கொ' உடைந்து சிதறும். ஆர்பசு என்னும் கட்டற்ற எழுத்துருவாக்கும் பொறியை இன்று குரோம், பயர்பாக்சு, லிப்ரே ஆபிசு ஆகியவை பயன்படுத்துவதால் அவற்றில் இக்குறை நீங்கிற்று. உலாவியைச் சுமக்கும் செயலிகளுக்கும் அந்நன்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தானே தீட்டும் சிறு தொகுதிகள் இன்னும் பிறந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் சில, எழுத்துகளை அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன.

அடுத்தது தட்டச்சு. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் ககர விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' என்று புள்ளி தானே வந்து அமையும். இவ்வறிவு விசையில் இல்லை. விசைக்கும் செயலிக்கும் இடையே நிற்கும் உள்ளீட்டு முறையில் இருக்கின்றது. அம்முறையோடு உரையாடத் தெரியாமல், விசையை மட்டும் நேரே செவிமடுக்கும் செயலியில் தமிழைத் தட்டினால் ஆங்கில எழுத்தே வந்து விழும்.

மூன்றாவது அகரவரிசை. ஒருங்குறியின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் இறுதியில் நிற்பவை. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் செயலியில் 'கனி' முன்னும் 'கலை' பின்னும் வரும். நெடுங்கணக்கின்படி 'கலை' முன்னும் 'கனி' பின்னும் வரவேண்டும். தளத்தின் வரிசைப்பணியை முறையாகக் கேட்கும் செயலியில் நெடுங்கணக்கு காக்கப்படும். கேளாத செயலி தொல்காப்பியர் காலந்தொட்டு எழுத்துகளுக்கு இருந்துவரும் வைப்புமுறையைக் குலைக்கின்றது. குலைக்கின்றோம் என்பதையும் அது அறியாது.

நான்காவது இடம். ஆங்கிலத்தில் இரண்டெழுத்துக்கு அளந்து வெட்டிய அழுத்தியில் தமிழ்ச்சொல் அடங்காது, பாதியில் அறுபடும். 'கூ', 'ழு', 'கீ' போன்ற எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரியின் உயரம் ஆங்கிலத்துக்கென அளக்கப்பட்டிருந்தால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். பட்டியில் 'கோப்பு' என்று தமிழில் எழுதி, விரைவுவிசைக்காக அதன் அருகே அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தை ஒட்டி வைக்கும் வழக்கத்தையும் காண்க. சொல் தமிழ், பிடி ஆங்கிலம்! இதனைத்தான் இரவல்முகம் என்பது.

ஐந்தாவது பார்வையற்றோர். தளத்தின் அழுத்தி, தன் பெயரையும் நிலையையும் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் தானே அறிவிக்கும். தீட்டிய அழுத்தி வெறும் படம். அறிவிக்கும் வழியைத் தனியே அமைத்தாலன்றி அதற்கு வாயில்லை. கண்ணுள்ளவர்க்கு அழகாகத் தோன்றும் ஒன்று, கண்ணில்லாதவர்க்கு ஊமைச் சுவராகின்றது. தமிழைப் படித்துக் காட்டும் குரல் கணினியில் இருந்தும், படிப்பதற்குச் சொல்லைத் தராத செயலியால் என்ன பயன்?

ஆகவே, சொற்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு 'தமிழில் செயலி வந்துவிட்டது' என்று மகிழ்வது, ஆங்கிலத் தொடரமைப்பில் தமிழ்ச்சொற்களை அடுக்கிவிட்டு 'தமிழ் எழுதினேன்' என்று தருக்குவதை ஒக்கும். பெயர்ப்பலகையில் தமிழ் இருந்து, உள்ளே நடை அயலாக இருந்தால், அங்குக் குடியிருப்பது தமிழ் அன்று. மேலே சொன்ன ஐந்தும் செயலியின் அடித்தளத்தில் அமைய வேண்டியவை; இறுதியில் பூசும் பூச்சால் வாரா. எந்தக் கருவித்தொகுதியைத் தேர்வது என்று முதல்நாள் செய்யும் முடிவிலேயே தமிழின் இடம் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. அந்த முதல்நாளில் தமிழர் வாய்திறவாதிருந்தால், கடைசிநாளில் வருந்திப் பயனில்லை.

தமிழில் செயலி ஆக்கும் இளைஞர்கள் கருவித்தொகுதியைத் தேரும் முன் ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். 'கொ' உடையாமல் நிற்கின்றதா? தமிழ் 99-இல் தட்டினால் புள்ளி தானே விழுகின்றதா? 'கலை' முன்னும் 'கனி' பின்னும் வருகின்றனவா? நீண்ட தமிழ்ச்சொல்லுக்கு ஏற்ப அழுத்தி விரிந்து கொடுக்கின்றதா? பார்வையற்ற ஒருவர் துணையின்றி அதனை இயக்க முடிகின்றதா? ஐந்துக்கும் 'ஆம்' என்னும் விடை வந்தால், அத்தொகுதி தானே தீட்டினும், கடன் பெறினும், உலாவியைச் சுமப்பினும் ஏற்கலாம். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்று வந்தால், அது எவ்வளவு அழகியதாயினும் தள்ளுக. அல்லது அதனைத் திருத்துக. கட்டற்ற மென்பொருளாயின் திருத்தும் உரிமை எவர்க்கும் உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தாதவன் குறைகூறும் தகுதியையும் இழக்கின்றான்.

செயலியை விலைகொடுத்து வாங்கும் அலுவலகங்களுக்கும், பள்ளிகளுக்கும், அரசுத் துறைகளுக்கும் இவ்வைந்து வினாக்களும் பொருந்தும். வாங்கும் ஆணையில் இவற்றை எழுதினால் விற்பவர் செய்தே தீரவேண்டும். 1994-இல் மெக்கின்டாசுப் பயனர்கள் தம் விரலின் பழக்கத்துக்காகவே அவ்வளவு உறுதியாக நின்றனர். தமிழர் கேட்க வேண்டியதோ விரலின் பழக்கத்தை மட்டுமன்று; தம் எழுத்தின் உருவத்தை, தம் நெடுங்கணக்கின் வரிசையை, தம் மக்களுள் பார்வையிழந்தோரின் உரிமையை. அவர்கள் நின்ற உறுதியில் பாதியேனும் தமிழர்க்கு வேண்டாவா?

இம்மன்றத்திலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் கணினியைத் திறந்து, தாம் நாள்தோறும் ஆளும் செயலி ஒன்றில் 'கலை', 'கனி', 'கொற்றம்' என்னும் மூன்று சொற்களைத் தட்டிப் பார்ப்பாராக! எது உடைகின்றது, எது இடம் மாறுகின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, அதனை ஆக்கியவர்க்கு எழுதுவாராக! தமிழிலேயே எழுதுவாராக! ஒருவர் எழுதினால் ஒதுக்குவர். ஆயிரவர் எழுதினால் திருத்துவர்.

வெல்க தமிழ்!